பத்து வயது தாண்டிய கார்: சத்தம் போட்டால், இழுக்காமல் போனால்

என் கார் 2010-இல் பதிவான 1600 சிசி ஜப்பானியக் கார். 2020-இல் சிஓஇ-யை (சிங்கப்பூரில் கார் வைத்திருக்க வாங்க வேண்டிய உரிமைச் சான்றிதழ்) இன்னொரு 10 ஆண்டுக்குப் புதுப்பித்தேன். அன்றிலிருந்து அது போடாத சத்தம் இல்லை. நான் மெக்கானிக் இல்லை. கப்பல் பட்டறையில் பம்ப், மோட்டார் பக்கம் வேலை பார்த்தவன், அதனால் காது மட்டும் கொஞ்சம் பழகியது. ஈசூனில் எங்கள் புளோக்கின் பல மாடிக் கார் நிறுத்துமிடத்தில், "அண்ணே, ஒரு நிமிஷம் இதைக் கேட்டுப் பாருங்களேன்" என்று பானெட்டைத் திறந்து காட்டும் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். ஒரே கேள்விக்கு ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தது இது.

உங்கள் காரில் எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவாகாத காரணம் முதலில் வரும், பர்ஸைக் கிழிக்கும் காரணம் கடைசியில். எல்லாம் பெட்ரோல் கார்களுக்கு. ஹைபிரிட் என்றால் ஆரஞ்சு நிறக் கேபிள் தெரியும் இடத்தில் கையே வைக்காதீர்கள்.

## உடனே ஓரங்கட்ட வேண்டியவை

இந்த ஐந்தில் ஒன்று நடந்தால் மற்றதைப் படிக்க வேண்டாம், வண்டியை நிறுத்துங்கள்.

- சிவப்பு நிற ஆயில் விளக்கு ஓடும்போது எரிகிறது.
- வெப்ப முள் சிவப்பைத் தொடுகிறது.
- மஞ்சள் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னுகிறது. நிலையாக எரிந்தால் அவ்வளவு அவசரம் இல்லை.
- ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க இன்ஜினின் அடியிலிருந்து 'டொங் டொங்' என்று கனமான அடி கேட்கிறது.
- பிரேக் மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்குகிறது, அல்லது மிதித்தால் இரும்போடு இரும்பு உரசுகிறது.

பிஐஇ, சிடிஇ போன்ற விரைவுச்சாலையில் நடந்தால் இடது ஓரத்துக்கு ஒதுங்கி, அபாய விளக்கைப் போட்டு, எல்லாரும் இறங்கித் தடுப்புக்கு அப்பால் நில்லுங்கள். உள்ளே உட்கார்ந்து போன் பேசுவதுதான் ஆபத்து. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி வந்து, பக்கத்தில் அவர்கள் குறித்து வைத்திருக்கும் நிறுத்துமிடம் வரை இலவசமாக இழுத்துவிடும். அங்கிருந்து வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகும் செலவு உங்களுடையது. காப்புறுதியில் இழுவை வண்டி சேர்ந்திருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள். நடு ராத்திரியில் தேடினால் கிடைப்பவர் கேட்பதுதான் விலை.

## எந்தச் சத்தமானாலும் முதல் ஐந்து நிமிடம்

எங்கிருந்து வருகிறது என்று தேடத் தொடங்காதீர்கள். இரும்பு சத்தத்தைக் கடத்தும். முன் இடது சக்கரத்தில் பிறந்தது டேஷ்போர்டில் கேட்கும். எப்போது வருகிறது என்று பாருங்கள்.

காரை நிறுத்தி, கியரை பி-யில் வைத்து, 2500 ஆர்பிஎம் வரை மெதுவாக ஏற்றுங்கள். அதே சத்தம் வந்தால் இன்ஜின் பக்கம். நின்றபடி என்ன செய்தாலும் வரவில்லை, ஓடினால்தான் வருகிறது என்றால் சக்கரம், பிரேக், அடிப்பாகம். சிவப்பு விளக்கில் டி-யில் நிற்கும்போது மட்டும் கார் முழுக்க நடுங்கி, என்-க்கு மாற்றினால் அடங்குகிறது என்றால் பெரும்பாலும் இன்ஜின் மவுண்டிங் ரப்பர் போய்விட்டது. அதற்குத் தனித் தலைப்பு எழுதப் போவதில்லை: வொர்க்‌ஷாப் வேலை, அவசரம் இல்லை, ஆனால் ஆண்டுக்கணக்கில் தள்ளிப் போடாதீர்கள்.

ஏர்கானை அணைத்துப் பாருங்கள், போட்டுப் பாருங்கள். போனில் பதிவு செய்யுங்கள். வொர்க்‌ஷாப்புக்குப் போனதும் சத்தம் ஒளிந்துகொள்ளும், பல் வைத்தியரிடம் போனதும் பல்வலி நிற்பது போல. சோதனை முடிந்ததும் இன்ஜினை அணைத்துவிடுங்கள். நின்ற வண்டியில் இன்ஜினை ஓடவிடுவது சிங்கப்பூரில் அபராதத்துக்குரியது.

இன்னொன்று, காரின் பின்பக்க பூட்டில் (டிக்கியில்) இருப்பதையெல்லாம் காலி செய்யுங்கள். என் மனைவி தேக்காவில் வாங்கிய இட்லிப் பானையின் மூடி உதிரி டயர் குழிக்குள் விழுந்து கிடக்க, இரண்டு வாரம் பின்சக்கரத்தைச் சந்தேகப்பட்டவன் நான்.

## காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று கத்துகிறது

மழை நாளிலும் ஏர்கான் போட்டதும் கத்தி, ஒரு நிமிடத்தில் நிற்கிறது. ஃபேன் பெல்ட். இன்ஜினை அணைத்து, பெல்ட்டைத் திருப்பிப் பாருங்கள். உள்பக்க வரிகளில் வெடிப்போ கண்ணாடி மாதிரிப் பளபளப்போ இருந்தால் மாற்றுங்கள். பெல்ட் மலிவு.

பெல்ட் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கத்துகிறது. இன்ஜின் ஓடும்போது பெல்ட்டின் வரிப் பக்கத்தில் ஸ்பிரே பாட்டிலால் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். தொங்கும் அடையாள அட்டை, தளர்ந்த சட்டைக் கை எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. சத்தம் நின்று மறுபடி வந்தால் ஏதோ ஒரு புல்லி கோணலாக நிற்கிறது. தண்ணீர் பட்டதும் இன்னும் கூடினால் டென்ஷன் குறைவு, டென்ஷனரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கீச்சு இல்லை, 'கர்ர்ர்' என்று அரைக்கிறது. ஆர்பிஎம் ஏற ஏறக் கூடுகிறது. பெல்ட் ஓடும் ஏதோ ஒரு பேரிங்: ஐட்லர் புல்லி, வாட்டர் பம்ப், ஆல்டர்னேட்டர், ஏர்கான் கம்பிரசர், விலையும் ஏறக்குறைய இந்த வரிசையில்தான். பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றினால் சொரசொரப்பது எது என்று தெரிந்துவிடும். கப்பல் பட்டறையில் நீள ஸ்குருடிரைவரின் நுனியைப் பேரிங் கூட்டில் வைத்துக் கைப்பிடியில் காதை வைத்துக் கேட்போம். காரில் ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் அதைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாட்டர் பம்ப்பின் அடியில் உலர்ந்த கூலன்ட் கறை தெரிந்தால் தள்ளிப் போட வேண்டாம், அடுத்து வருவது வெப்ப முள்.

## இன்ஜின் 'டிக் டிக் டிக்' என்கிறது

முதலில் ஆயில் அளவு. சமதரையில் நிறுத்தி, அணைத்துப் பத்து நிமிடம் கழித்துக் குச்சியை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டுப் பாருங்கள். நிறுத்துமிடத்தின் சரிவுப் பாதையில் பார்த்தால் பொய் சொல்லும். பழைய இன்ஜின் ஆயில் குடிக்கும். சர்வீஸுக்குச் சர்வீஸ் பார்த்தால் போதும் என்பது புதுக் காருக்கு. மாதம் ஒரு முறை குச்சியைப் பாருங்கள். இங்கே 'டிக் டிக்' என்று என்னிடம் வந்தவற்றில் ஆயிலோடு முடிந்தவைதான் அதிகம்.

ஆயில் சரியாக இருக்கிறது என்றால்:

குளிர்ந்த இன்ஜினில் கேட்கிறது, சூடானதும் குறைகிறது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் காஸ்கெட் கசிவாக இருக்கலாம். இரும்பு சூடாகி விரியும்போது இடைவெளி அடைபடும். இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருக்கும். புகை உள்ளே வரும் வாய்ப்பு உண்டு, தலைவலி வந்தால் ஜன்னலை இறக்கிவிட்டு வொர்க்‌ஷாப்புக்குப் போங்கள்.

எப்போதும் ஒரே சீராக, மெல்லியதாக. இன்ஜெக்டர் சத்தம் அப்படித்தான் இருக்கும், நேரடி இன்ஜெக்‌ஷன் இன்ஜின்களில் இன்னும் உரக்கக் கேட்கும். விட்டுவிடுங்கள்.

சூடானாலும் குறையவில்லை, ஆர்பிஎம்மோடு சேர்ந்து கூடுகிறது. வால்வ் பக்கம். வால்வ் மூடியைத் திறந்து பார்க்கும் வேலை, நம்மால் ஆகாது.

## ஸ்டார்ட் செய்த முதல் இரண்டு விநாடி மட்டும் 'கடகட'

டைமிங் செயின் உள்ள இன்ஜின்களின் வயோதிக நோய் இது. ராத்திரி முழுக்க ஆயில் கீழே இறங்கிவிட, செயினை இறுக்கும் டென்ஷனருக்கு அழுத்தம் வரும் வரை தளர்ந்து அடிக்கிறது.

மலிவான காரணத்தை முதலில் ஒழியுங்கள்: மட்டமான ஆயில் ஃபில்டர். ஆயில் திரும்ப இறங்காமல் பிடித்து வைக்கும் ரப்பர் வால்வ் நல்ல ஃபில்டரில் இருக்கும். கையேட்டில் சொன்ன ரக ஆயிலும் நல்ல ஃபில்டரும் போட்டு ஒரு வாரம் கேளுங்கள். பிறகும் வந்தால் டென்ஷனர், வால்வ் டைமிங் கியர், கடைசியாகச் செயினே. சத்தம் இரண்டு விநாடியிலிருந்து ஐந்து, பத்து என்று நீண்டாலோ இன்ஜின் விளக்கும் எரிந்தாலோ வொர்க்‌ஷாப். செயின் பல் தாண்டினால் இன்ஜினே போகலாம்.

## கீழே தகரம் அதிர்வது போல

குறிப்பிட்ட ஒரு ஆர்பிஎம்மில் மட்டும் வந்து மறைகிறதா? எக்ஸாஸ்ட் குழாய்க்கு மேலே இருக்கும் மெல்லிய வெப்பத் தகடு துருப்பிடித்துத் திருகு கழன்றிருக்கும். இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு கையால் தட்டிப் பாருங்கள். பெரிய ஸ்டீல் கிளாம்ப் ஒன்றால் இறுக்கினால் முடிந்தது. இதற்கு முழு எக்ஸாஸ்ட் மாற்றச் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வாருங்கள்.

புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் டப்பாவைத் தட்டும்போது உள்ளே கூழாங்கல் உருள்வது போலக் கேட்டால் அது வேறு. உள்ளே இருக்கும் தேன்கூடு உடைந்திருக்கிறது. இழுவைக் குறைவின் கீழே மறுபடி அதைப் பார்ப்போம்.

## ஹம்ப் ஏறி இறங்கும்போது 'டொக் டொக்'

இதில் நான் பட்ட செலவு பெரிது. முன்பக்கம் 'டொக்' என்றது. ஒரு வொர்க்‌ஷாப்பில் "அப்சார்பர் போய்விட்டது" என்றார்கள், இரண்டையும் மாற்றினேன். வீட்டுக்கு வரும் வழியில் புளோக்கின் நுழைவாயில் ஹம்ப்பிலேயே அதே 'டொக்'. பிறகு சின் மிங்கில் ஒரு சீனப் பெரியவரிடம் காட்டினேன். அங்கிள் காரை ஏற்றக்கூட இல்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பிவிட்டு, சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு ஒரு கம்பியை ஆட்டினார். 'டொக்'. ஸ்டெபிலைசர் லிங்க். ஒரு முழ நீளம் கூட இல்லை, விலையும் அப்சார்பருக்குப் பக்கத்தில் வராது.

அதற்குப் பிறகு நான் செய்யும் சோதனை இது. வெறிச்சோடிய இடத்தில் ஒரு ஹம்ப்பை இரண்டு முன்சக்கரமும் ஒன்றாக ஏறும்படி நேராகக் கடந்து பாருங்கள். பிறகு ஒரு சக்கரம் மட்டும் ஏறும்படி சாய்வாக.

ஒரு சக்கரம் ஏறினால் அடிக்கிறது, இரண்டும் ஏறினால் அவ்வளவாக இல்லை: ஸ்டெபிலைசர் லிங்க், அல்லது இரண்டு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் கம்பியைப் பிடிக்கும் ரப்பர் புஷ். இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறும்போது அந்தக் கம்பிக்கு வேலையே இல்லை, அதனால் வாயை மூடிக்கொள்ளும்.

எப்படி ஏறினாலும் அடிக்கிறது: லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட். சடாரென்று பிரேக் பிடித்தாலும் ஒரு 'டொக்' வந்தால் ஆர்ம் புஷ் என்று சந்தேகம் வலுக்கும். பால் ஜாயிண்ட் ஆட்டம் கண்டிருந்தால் தள்ளிப் போடக் கூடாது, கழன்றால் சக்கரம் மடங்கிவிடும்.

நின்ற காரில் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலே சுருள் சொடுக்குவது போல: அப்சார்பரின் மேல் மவுண்டிங் பேரிங்.

ஹம்ப் தாண்டிய பிறகும் கார் படகு போல ஆடுகிறது, அப்சார்பர் மேல் ஆயில் வழிந்திருக்கிறது: இப்போதுதான் அப்சார்பர்.

பல மாடி நிறுத்துமிடத்தில் வளைவில் டயர் 'கிரீச்' என்று கத்துவது நோய் இல்லை. பெயின்ட் அடித்த வழவழப்புத் தரை, அவ்வளவுதான். இதற்காகவும் ஒரு தம்பி வந்து பதறினார்.

## வேகம் கூடக் கூட 'ஊஊம்' என்று கூடுகிறது

டயரா, வீல் பேரிங்கா என்பதுதான் கேள்வி. டயரின் மேல் உள்ளங்கையை வைத்து முன்னும் பின்னும் தடவுங்கள். ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கினால் டயர். பின் டயரை முன்னால் மாற்றிப் பாருங்கள். சத்தத்தின் இடமோ தன்மையோ மாறினால் உறுதி. புது டயருடன் அலைன்மென்ட்டும் பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் அதையும் தின்றுவிடும்.

சாலை இலேசாக வளையும் இடங்களைக் கவனியுங்கள். இடப்பக்கம் வளையும்போது காரின் பாரம் வலச் சக்கரங்களின் மேல் விழும். அப்போது சத்தம் கூடினால் வலப்பக்கப் பேரிங், வலப்பக்க வளைவில் கூடினால் இடப்பக்கம். இதற்காக விரைவுச்சாலையில் காரை வேண்டுமென்றே அலைக்கழிக்க வேண்டாம், சாலையே வளையும். பேரிங்கை வொர்க்‌ஷாப்பில் கொடுத்துத்தான் மாற்ற வேண்டும், பல கார்களில் அதற்கு அழுத்தக் கருவி தேவை. 'ஊம்' என்பது 'கரகர' ஆகும் வரை காத்திருக்காதீர்கள், அந்தக் காரில் மலேசியாவுக்குப் போகும் ஜோகூர்ப் பாலம் தாண்டவும் வேண்டாம்.

## முழுக்கத் திருப்பும்போது 'கடக் கடக்'

டிரைவ் ஷாஃப்ட்டின் வெளி ஜாயிண்ட். சக்கரத்துக்குப் பின்னால் துருத்தி போன்ற ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கும். உறை கிழிந்த புதிதில் பிடித்தால் உறையும் கிரீஸும் மாற்றினால் போதும். சத்தம் வந்துவிட்டால் ஷாஃப்ட்டோடுதான். ஒவ்வொரு முறை காரை மேலே ஏற்றும்போதும் இந்த உறையைக் காட்டச் சொல்லுங்கள்.

## பிரேக் கத்துகிறது

ராத்திரி மழை பெய்து, காலையில் முதல் இரண்டு மூன்று பிடியில் மட்டும் உரசினால் டிஸ்க்கின் மேல் துரு. தானாகப் போய்விடும். நாள் முழுக்க மெல்லிய கீச்சு வந்தால் பேடில் இருக்கும் தகட்டு நாக்கு 'என்னை மாற்று' என்கிறது. அந்த வாரமே மாற்றுங்கள். இரும்பு உரசினால் டிஸ்க்கும் சேர்ந்து போகும், மேலே சொன்ன ஐந்தில் அதுவும் ஒன்று. 10 வயது தாண்டிய காருக்கு ஆண்டுதோறும் பரிசோதனை இருக்கிறது, அங்கே பார்த்துக்கொள்வார்கள் என்று பிரேக்கை விட்டுவைப்பவர்களும் உண்டு. அந்தத் துணிச்சல் எனக்கு இல்லை.

## இழுவை மெல்ல மெல்லக் குறைந்துவிட்டது

"முன்ன மாதிரி இழுக்கலண்ணே" என்று வருபவர்கள் ஏற்கெனவே பிளக்கை மாற்றியிருப்பார்கள். பக்கத்து புளோக் நண்பர் ஒருவர் பிளக், அதற்கு மின்சாரம் கொடுக்கும் காயில் எல்லாம் மாற்றி, இன்ஜினுக்குள் காற்று நுழையும் திராட்டில் பாடியும் கழுவி, கடைசியில் என்னிடம் வந்தார். ஓட்டிவிட்டு வந்து நின்றதும் சக்கரம் சக்கரமாகக் கையை நீட்டினேன். பின் இடது சக்கரத்தின் பக்கம் போகவே முடியவில்லை, அனல். பிரேக் பேடை அழுத்தும் காலிப்பரின் ஊசி (பின்) துருப்பிடித்து பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. இன்ஜின் பாவம், பிரேக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.

ஆகவே வரிசை இதுதான்.

1. காற்றழுத்தம். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்கு நிரப்புங்கள். பெட்ரோல் நிலையத்தில் இலவசம்.
2. பிரேக் பிடிப்பு. பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நான்கு சக்கரத்தின் பக்கத்திலும் கையை நீட்டி வெப்பத்தை ஒப்பிடுங்கள். டிஸ்க்கைத் தொடாதீர்கள். ஒரு வீல் மட்டும் கரும்பொடி அப்பிக் கிடந்தால் அதுவும் சாட்சி.
3. ஏர் ஃபில்டர். கிளிப்பைத் திறந்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வெளிச்சம் தெரியவில்லை என்றால் மாற்றுங்கள்.
4. ஏர்கானை அணைத்துப் பாருங்கள். சின்ன இன்ஜினில் கொஞ்சம் வித்தியாசம் இயல்பு. அணைத்ததும் வேறு கார் மாதிரி ஓடினால் கம்பிரசர் இறுகுகிறது.
5. காற்று அளவு சென்சார், திராட்டில் பாடி. சென்சாரை அதற்கென்றே விற்கும் ஸ்பிரேயால் மட்டும் கழுவுங்கள். பிரேக் கிளீனர் அடித்துப் பாழாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். திராட்டிலைக் கழுவிய பிறகு சில கார்களில் ஐட்லிங்கைக் கருவி வைத்து மறுபடி பழக்க வேண்டும்.
6. பிளக். இரிடியம் என்றால் சுமார் 1,00,000 கிலோமீட்டர் தாங்கும், சாதாரணம் அதில் பாதிகூட வராது.
7. பெட்ரோல் பம்ப், அதன் ஃபில்டர். ஏற்றத்திலும் முழு மிதியிலும் மட்டும் தவித்தால், பின் சீட்டடியில் இரைச்சல் கேட்டால் சந்தேகப்படுங்கள். டாங்கில் இருக்கும் பெட்ரோல்தான் பம்ப்பைக் குளிர்விக்கிறது. எப்போதும் விளக்கு எரியும் வரை ஓட்டும் பழக்கம் அதைச் சீக்கிரம் கொல்லும். அழுத்தம் பார்ப்பது வொர்க்‌ஷாப் வேலை.
8. அடைபட்ட கேட்டலிடிக் கன்வெர்ட்டர். மெதுவாக ஓட்டினால் ஒன்றும் தெரியாது, ஆர்பிஎம் ஏற ஏற மூச்சுத் திணறும். அழுகிய முட்டை வாடையும் வரலாம். இது தானாக அடைபடுவது அபூர்வம். ஆயில் குடிக்கும் இன்ஜினோ சரி செய்யாத மிஸ்ஃபயரோ (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் விடுவது) பின்னால் இருக்கும். மூலத்தை விட்டுவிட்டுப் புதிதாகப் போட்டால் அதுவும் அடைபடும்.
9. கம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம். எட்டும் சரி என்ற பிறகு அளக்கச் சொல்லுங்கள். இதில் குறைந்தால் இன்ஜினைத் திறக்கிற பேச்சு.

கெந்திங் மலை ஏற்றத்தில் மிதித்தால் கோலிக்குண்டு உருட்டுவது போல 'சளசள' என்கிறதா? பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடிக்கிறது. பெட்ரோல் மூடியின் உள்பக்கம் எழுதியிருக்கும் ஆக்டேன் எண்ணைப் பாருங்கள். 95 என்று போட்டிருக்கும் காருக்கு 92 அடித்துக்கொண்டிருந்தால் விடை கிடைத்துவிட்டது. 98 போட்டு ஒரு டாங்க் ஓட்டிப் பாருங்கள். அடங்கினாலும் 98-ஐயே மருந்தாக்கிக் கொள்ளாதீர்கள். கரி படிந்ததோ சென்சாரோ, காரணத்தைத் தேடச் சொல்லுங்கள்.

## உதறி உதறி ஓடுகிறது, இன்ஜின் விளக்கும் எரிகிறது

பொதுவாக ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. சில பத்து வெள்ளிக்குக் கிடைக்கும் ப்ளூடூத் ஓபிடி கருவி (காரின் கணினியில் இருக்கும் பழுதுக் குறியீட்டைப் படிப்பது) இங்கே கைகொடுக்கும். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருகி, போனில் குறியீட்டைப் படியுங்கள். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது, இப்படியே போகும். பி0300 என்றால் மாறி மாறி விடுகிறது.

பி0301 வந்தது என்று வைத்துக்கொள்வோம். இன்ஜின் ஆறியதும் முதல் காயிலைக் கழற்றி இரண்டாவது இடத்திலும், இரண்டாவதை முதல் இடத்திலும் போடுங்கள். குறியீட்டை அழித்து ஓட்டுங்கள். பி0302 ஆக மாறினால் காயில்தான், அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாறவில்லையா? பிளக்கை அதே மாதிரி இடம் மாற்றுங்கள். அப்போதும் முதல் சிலிண்டரிலேயே நின்றால் இன்ஜெக்டர், வால்வ், கம்பிரஷன், வொர்க்‌ஷாப்புக்கு நேரம் வந்துவிட்டது. நான்கு காயிலையும் சேர்த்து மாற்றும் முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள், ஒரு வெள்ளிகூடச் செலவில்லை.

காயிலை உருவும்போது பிளக் குழிக்குள் எட்டிப் பாருங்கள். ஆயில் தேங்கியிருந்தால் வால்வ் மூடி காஸ்கெட்டும் குழி சீலும் போய்விட்டன. புதுக் காயிலை அந்த ஆயிலிலேயே நட்டால் ஆறு மாதத்தில் இதே கதைதான். மழைக்கோ கார் கழுவிய பிறகோ மட்டும் உதறினாலும் இந்தக் குழிகளில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பி0171 வந்தால் பெட்ரோலுக்கு எதிராகக் காற்று கூடுதல். வெடித்த ரப்பர் குழாய் எங்காவது இருக்கும். ஐட்லிங்கில் 'உஸ்' என்று கேட்கும். நம் வெயிலில் 15 வயது ரப்பரிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது?

## ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை

கியர்பாக்ஸ் வழுக்குகிறது. ஆயில் குறைவா என்று பார்க்கச் சொல்லுங்கள், பல கார்களில் குச்சியே கிடையாது. சிவிடி (தனித்தனிப் படிகள் இல்லாத ஆட்டோ கியர்பாக்ஸ்) என்றால் அந்தக் கார் கேட்கும் ரக ஆயில்தான், 'எல்லாவற்றுக்கும் ஆகும்' என்று விற்பது வேண்டாம். ஆயில் கருகிய வாடையோடு கருப்பாக வந்தால், உலோகத் துகள் மின்னினால், ஆயில் மாற்றுவது ஆறுதலுக்குத்தான். இங்கே நாம் செய்ய ஒன்றும் இல்லை.

## ஒரே கியரில் மாட்டிக்கொண்டு, 3000 ஆர்பிஎம்முக்கு மேல் போகவில்லை

இன்ஜினையும் கியர்பாக்ஸையும் காப்பாற்றக் காரின் கணினி வண்டியை முடக்கி வைத்திருக்கிறது. பாதுகாப்பான இடத்தில் அணைத்து, இரண்டு நிமிடம் விட்டு ஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். சரியாகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள், குறியீட்டைப் படித்துக் குறித்து வையுங்கள். முதலில் பேட்டரி: அணைத்துச் சில மணி நேரம் கழித்து 12.6 வோல்ட்டுக்குப் பக்கத்தில், ஓடும்போது 13.8-க்கும் 14.4-க்கும் இடையில் இருக்க வேண்டும். வோல்டேஜ் குறைந்தாலே சென்சார்கள் உளறத் தொடங்கும். சம்பந்தமில்லாத ஐந்து விளக்குகள் ஒன்றாக எரிந்தால் நான் முதலில் பார்ப்பது பேட்டரியையும் அதன் முனைகளையும்தான்.

## நெரிசலில் சூடேறி இழுவை போகிறது

ஆறிய இன்ஜினில் கூலன்ட் அளவைப் பாருங்கள். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். ஏர்கானைப் போட்டுவிட்டுக் கீழே இறங்கி ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். ஓடினால் முள் இறங்கி, நின்றால் ஏறினால் ஃபேன்மேல்தான் சந்தேகம். ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள். ஃபேன் சுற்றுகிறது, கூலன்ட் மட்டும் வாரா வாரம் குறைகிறது, வெளியே சொட்டும் இல்லை என்றால் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். பால் கலந்த கோப்பி நிறத்தில் பசை இருந்தால், அல்லது எக்ஸாஸ்ட்டில் விடாமல் வெள்ளைப் புகை வந்தால் ஹெட் காஸ்கெட். இனி ஓட்ட வேண்டாம், இழுத்துத்தான் போக வேண்டும்.

முள் ஏறவே இல்லை, ஆனால் சூட்டில் சட்டென்று அணைந்து, அரைமணி கழித்து ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது என்றால் கிராங்க் சென்சார் அல்லது பெட்ரோல் பம்ப். சுரங்கச் சாலையில் இப்படி ஒரு முறை நின்றவர்கள் மறு முறைக்குக் காத்திருக்க மாட்டார்கள்.

## வொர்க்‌ஷாப்பில்

"சத்தம் வருது, பாருங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். "இன்ஜின் ஆறியிருக்கும்போது, இடப்பக்கம் திருப்பினால், 20 கிலோமீட்டர் வேகத்தில்" என்று சொல்லி, மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டுங்கள். என்னென்ன பார்த்துவிட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். ஜோகூரில் கூலி குறைவுதான். பேட், அப்சார்பர் மாதிரி முடிவு தெரிந்த வேலைக்கு நானும் போவேன். கண்டுபிடிக்க வேண்டிய பழுதுக்குப் போக மாட்டேன், மூன்று முறை பாலம் தாண்டினால் மிச்சம் பிடித்தது போய்விடும்.

ஆயிரங்களில் விலை சொன்னால் சிஓஇ-யில் மீதி மாதங்களை எண்ணுங்கள். புதுப்பித்த காருக்கு பார்ஃப் கழிவு (காரைக் கைவிடும்போது பதிவுக் கட்டணத்தில் திரும்பக் கிடைக்கும் பகுதி) கிடையாது. அழித்தால் மீதி நாட்களுக்கான சிஓஇ தொகையும் பழைய இரும்பு விலையும்தான் கைக்கு வரும். 5 ஆண்டுக்குப் புதுப்பித்ததை மறுபடி புதுப்பிக்கவும் முடியாது. 14 வயது தாண்டினால் சாலை வரியில் 50 விழுக்காடு கூடுதல் வேறு. ஆறு ஆண்டு மீதி இருந்தால் கியர்பாக்ஸைப் பிரிக்கச் சொல்வேன். பத்து மாதம்தான் மீதி என்றால் மாட்டேன். பிரேக், பால் ஜாயிண்ட், டயர் போன்ற உயிர் சம்பந்தப்பட்டதை மட்டும் செய்துகொண்டு, மற்றச் சத்தங்களுக்கு ரேடியோவைக் கூட்டி வைப்பேன்.

எந்த வேலையானாலும் கழற்றிய பழைய பாகம் வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். நானும் அப்படிக் கேட்டு வாங்கிய இரண்டு அப்சார்பர்கள் வீட்டு பாம் ஷெல்டர் அறையில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் கிடக்கின்றன. அழுத்திவிட்டால் இன்னமும் மெதுவாக, கச்சிதமாக எழும்புகின்றன. எப்போது தூக்கிப் போடுவீர்கள் என்று மனைவி கேட்டுக்கொண்டே இருக்கிறார்.